மாவோரி முகத்தை டாட்டூ மாதிரியாகப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார இறுதி இணைப்பில் நியூசிலாந்தின் மாவோரி மக்கள் முகத்தில் இட்டுக்கொள்ளும் மோகோவைப் பற்றி அரைப்பக்கம் வந்திருந்தது. 'மிரட்டும் டாட்டூ' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பக்கத்தில் தாடையில் கோடுகளோடு ஒரு பெண்மணியின் முகம், அவர் யார், எந்த ஊர் என்று ஒரு வரிகூட இல்லை. அதற்குக் கீழே பெட்டிச் செய்தியில் 'இப்போதைய ட்ரெண்ட்: ஐந்து மாவோரி டிசைன்கள், உங்கள் கைக்கு எது பொருந்தும்?' என்று படங்கள் வேறு. நான் பல வருடமாக நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில் இருப்பவன். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், பிள்ளைகளைக் கூப்பிடப் போகும் பள்ளிக்கூட வாசலில் என்று தினமும் இந்த முகங்களைப் பார்க்கிறேன், அவர்களில் சிலரோடு வேலை பார்க்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தைப் படித்ததும் சுருக்கென்று இருந்தது. திட்டி எழுத வரவில்லை. கட்டுரை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியதாகவும் தெரியவில்லை. ஆனால் விஷயத்தின் தலையையே விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்திருக்கிறார், அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

அழகா, பயங்கரமா, வலிக்குமா என்பதெல்லாம் மோகோவைப் பற்றிக் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள். முதலில் கேட்க வேண்டியது, அது யாருடையது என்பதுதான். மாவோரிகளுக்கு வம்சாவளிதான் எல்லாம். இரண்டு பேர் முதல்முறை சந்தித்தால் என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது என்று சொல்லிவிட்டுத்தான் தன் பெயருக்கு வருவார்கள். அந்த வம்சாவளியை, அவர்கள் மொழியில் ஃபாகபாபா, தோலில் இறக்கி வைப்பதுதான் மோகோ. அதில் எந்தக் குலம், எந்த முன்னோர், அவர் என்ன செய்தார், இவர் இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று பல சேதி உண்டு. முகத்தின் ஒரு பாதி அப்பா வழி, மறுபாதி அம்மா வழி என்று பரவலாகச் சொல்வார்கள், குலத்துக்குக் குலம் வழக்கம் மாறும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இந்தச் சுருள் போட்டால் தைரியம், அந்தச் சுருள் போட்டால் அமைதி என்று இணையத்தில் அட்டவணை போட்டு விற்கிறார்களே, அப்படி ஒரு பொது அகராதி கிடையாது. மோகோ இடுபவர் முன்னால் உட்கார்ந்து குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும், அவர் கேட்டுவிட்டு அந்த ஆளுக்கென்று, அந்த முகத்தின் எலும்புக்கும் சதைக்கும் ஏற்ற மாதிரி வரைவார். ஆகவே ஒருத்தர் மோகோவைப் பார்த்து அப்படியே நம் கையில் குத்திக்கொள்வது, அடுத்தவர் ரேஷன் கார்டில் நம் போட்டோவை ஒட்டிக்கொள்கிற மாதிரி. உங்கள் பெட்டிச் செய்தி அதைத்தான் செய்யச் சொல்கிறது.

மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று தோன்றினால் தே பெஹி குபே கதையைக் கேளுங்கள். ங்காதி டோவா குலத்தின் தலைவர். 1824-இல் குக் நீரிணையில் போய்க்கொண்டிருந்த ஒரு ஆங்கிலேயக் கப்பலில் அடம்பிடித்து ஏறி இங்கிலாந்து வரை போனவர். துப்பாக்கி வாங்கத்தான் போனார், அதை யாரும் மறைக்கவில்லை. லிவர்பூலில் ஒருவர் அவர் படத்தை வரைந்தபோது, முகத்தில் உள்ள ஒவ்வொரு கோடும் சரியாக வர வேண்டும் என்று தே பெஹி பிடிவாதம் பிடித்திருக்கிறார். அப்புறம் தாளை வாங்கித் தன் மோகோ முழுவதையும் தானே வரைந்து காட்டினார், கண்ணாடியைப் பார்க்காமலே. அதோடு விடாமல் தன் அண்ணன் தம்பி முகத்தையும் மகன் முகத்தையும் நினைவிலிருந்தே போட்டுக் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் பேனாவால் பெயர் எழுதுகிறார்கள், என் பெயர் இங்கே இருக்கிறது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாராம். பதினாறு வருடம் கழித்து, 1840-இல், வைடாங்கி ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் அரசோடு கையெழுத்துப் போட வந்த தலைவர்களில் சிலர் தங்கள் மோகோவின் ஒரு பகுதியைத்தான் தாளில் வரைந்து வைத்தார்கள். ஒரு நாட்டின் அஸ்திவார ஆவணத்திலேயே இது கையெழுத்தாக நிற்கிறது. இன்றைக்கும் வெலிங்டனில் போய்ப் பார்க்கலாம்.

மோகோ எப்படி வந்தது என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. மிரட்டுவதற்கும் போருக்கும்தான் மோகோ என்று உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி இருந்ததால் அதையும் சொல்லியாக வேண்டும். மாதாஓரா என்று ஒரு தலைவன். அவன் மனைவி நிவாரெகா, கீழுலகமான ராரோஹெங்காவைச் சேர்ந்தவள். ஒருநாள் பொறாமையில் அவளை அவன் அடித்துவிடுகிறான். அடிப்பது என்றால் என்ன என்றே தெரியாத ஊரிலிருந்து வந்தவள் அவள், உடனே பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். இவன் தேடிக்கொண்டு கீழே போகிறான். அங்கே அவள் அப்பா உவெடோங்கா ஒருவர் முகத்தில் உளியால் செதுக்கிக்கொண்டிருக்கிறார், ரத்தம் வழிகிறது. எங்கள் ஊரில் முகத்தில் சாயத்தால் வரைவதுதான் வழக்கம் என்று மாதாஓரா சொல்ல, மாமனார் கையை நீட்டி மருமகன் முகத்தை ஒரு தேய்ப்புத் தேய்க்கிறார். போட்டு வந்த கோலமெல்லாம் அழிந்து ஈஷிக்கொள்கிறது. கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். வெட்கத்தில் அவனே படுத்துக்கொண்டு, எனக்கும் செதுக்குங்கள் என்கிறான். வலி தாங்காமல் அவன் மனைவி பெயரைச் சொல்லிப் பாடுவது அவள் காதில் விழ, அவள் வந்து பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறாள். இனி கை நீட்டக் கூடாது என்ற புத்திமதியோடுதான் மாமனார் இருவரையும் மேலே அனுப்புகிறார். கதை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். ஆனால் மனைவியை அடித்தவன் வெட்கப்பட்டுத் திருந்தியதன் அடையாளமாகவே இந்தக் கலை மேலே வந்தது என்பது எல்லாரும் சொல்வது. இன்றைக்கும் குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்யும் மாவோரிகள் இந்தக் கதையை எடுத்துப் பேசுகிறார்கள்.

செய்முறை விஷயத்தில் கட்டுரையில் 'ஊசியால் குத்துவார்கள்' என்று இருந்தது. பழைய முறையில் ஊசியே கிடையாது. உஹி என்பது ஆல்பட்ராஸ் பறவையின் எலும்பைத் தீட்டிச் செய்த சின்ன உளி, குச்சிப் பிடியில் கட்டியிருக்கும். அதைத் தோலில் வைத்துச் சிறு மரக்கட்டையால் தட்டித் தட்டிப் பள்ளம் வெட்டுவார்கள். முதலில் கூர்மையான உளி, அப்புறம் சாயத்தில் தோய்த்த இன்னொன்று. பசிபிக் தீவுகளில் மற்ற இடங்களில் பல் பல்லாக இருக்கும் சீப்புக் கருவியால் சாயத்தை உள்ளே இறக்கினார்கள். தோலை மரச்சிற்பம் மாதிரி வாய்க்கால் விழச் செதுக்கியது மாவோரிகள்தான். பழைய மோகோவை விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியும். முகத்துக்கான கருப்பு, பிசின் உள்ள மரத்தை எரித்த புகைக்கரி. உடம்புக்கு இன்னொரு மை உண்டு, மண்ணுக்குள் இருக்கும் ஒரு கம்பளிப்புழுவைப் பூஞ்சை பிடித்துக் கொன்று கட்டையாக்கிவிடும், அதை எரித்து எடுப்பது. மை வைக்கும் கிண்ணம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும்.

அவர்களுக்குத் தலைதான் உடம்பிலேயே புனிதமான இடம். தலையில் ரத்தம் சிந்தும் வேலை என்றால் இட்டவரும் இட்டுக்கொண்டவரும் முடியும்வரை தபு என்ற கட்டுப்பாட்டுக்குள் இருப்பார்கள். சமைத்த உணவு அந்தத் தபுவைக் கெடுத்துவிடும் என்பது நம்பிக்கை. வீங்கிப்போன உதட்டிலும் புண்ணிலும் சாப்பாடு பட்டுவிடக் கூடாது என்று, அழகாகச் செதுக்கிய ஒரு மரப்புனலை வாயில் வைத்து, கூழாகக் கரைத்ததை அதன் வழியாக ஊற்றுவார்கள். அந்தப் புனலுக்குக் கோரெரே என்று பெயர், அருங்காட்சியகங்களில் இருக்கிறது, அதன் வெளிப்பக்கத்திலும் மோகோ போட்ட முகங்கள்தான் செதுக்கியிருக்கும். காயத்துக்குக் கராகா மர இலை. பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதற்கென்றே ஆட்கள் உண்டு. முழு முகம் ஒரே மூச்சில் முடியாது, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம், வாழ்க்கையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பகுதி என்று வருடக்கணக்கில் போகும்.

அடுத்தது கசப்பான பகுதி. உங்கள் கட்டுரை இதைத் தொடவே இல்லை. முன்பெல்லாம் அன்புக்குரிய தலைவர் இறந்தால் அவர் தலையைப் பதப்படுத்திக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்து, முக்கியமான சடங்குகளில் வெளியே எடுத்து அழுவார்கள். எதிரியின் தலையையும் வைத்திருப்பார்கள், சமாதானம் பேசும்போது திருப்பிக் கொடுப்பதும் உண்டு. 1770-இல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜோசப் பாங்க்ஸ் இப்படி ஒரு தலையை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த அரை நூற்றாண்டில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் தனிப்பட்ட சேகரிப்பாளர்களும் கேட்கக் கேட்க இது வியாபாரமாகவே ஆகிவிட்டது. 1820களில் துப்பாக்கி வைத்திருந்த குலம் பிழைத்தது, இல்லாத குலம் அழிந்தது. துப்பாக்கிக்குப் பண்டமாற்றாக மோகோ போட்ட தலைகள் போயின. கடைசியில், அடிமைகளைப் பிடித்து அவசர அவசரமாக முகத்தில் கோடுகளைச் செதுக்கி, விலை படிந்த பிறகு கொன்று விற்கும் அளவுக்குப் போனது. அர்த்தமே இல்லாத கோடுகள், வாங்குகிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியாதே. 1831-இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ரால்ஃப் டார்லிங், சிட்னி வழியாக நடந்த இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டார். அதற்குப் பிறகும் பழைய தலைகள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. ஹொரேஷியோ ராப்லி என்ற ராணுவ அதிகாரி முப்பதுக்கும் மேற்பட்ட தலைகளைச் சேர்த்துச் சுவரில் மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ இணையம் முழுக்கக் கிடைக்கிறது, தயவுசெய்து அதை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். அவர் சேர்த்ததில் பெரும்பகுதி நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், 2014-இல்தான் வீடு திரும்பியது. பிரான்சில் ரூவான் நகராட்சி 2007-இல் ஒரு தலையைக் கொடுக்க முன்வந்தபோது, அது அரசின் சேகரிப்பு, கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் வரை போய்த் தடுத்தார்கள். 2010-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்ட பிறகு 2011-இல் அந்தத் தலையும், அடுத்த வருடம் பிரான்சின் மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து 20 தலைகளும் வந்தன. வெலிங்டனில் உள்ள தே பாபா அருங்காட்சியகம் 2003-இலிருந்து இதற்கென்றே ஒரு பிரிவு வைத்து நடத்துகிறது. வரும் தலைகளைக் காட்சிக்கு வைப்பதில்லை. எந்தக் குலம் என்று கண்டுபிடித்து அவர்களிடம் சேர்ப்பதுதான் வேலை. முடியாதவை மூடிய அறையில் மரியாதையோடு இருக்கின்றன.

பெயர் இல்லாமல் ஒரு மோகோ முகத்தைப் பத்திரிகையில் பார்த்தால் இங்கே ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். ஆளை விட்டுவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போன வரலாறு அது.

நீங்கள் பத்திரிகைக்காரர், இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து இடையில் ஒன்று. 1850களில் வந்த ஈரத் தகடு போட்டோ முறை நீல நிறத்தை வெளுப்பாகக் காட்டிவிடும். மோகோவின் மை தோலுக்கு அடியில் நீலமும் பச்சையும் கலந்த நிறமாகத் தெரிவதால், அந்தத் தகடுகளில் பல முகங்களில் மோகோ மங்கலாக விழுந்தது, சிலவற்றில் விழவே இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் அப்புறம் கையால் கோடுகளைத் தீட்டிச் சேர்த்தார்கள், எந்த அளவுக்குச் சரியாகச் சேர்த்தார்கள் என்பது அவரவர் கைத்திறமை. சில வருடம் முன்பு மைக்கேல் பிராட்லி என்ற போட்டோக்காரர் இன்றைய மாவோரிகளை அதே பழைய முறையில் எடுத்து, பக்கத்தில் டிஜிட்டல் படத்தையும் வைத்துக் கண்காட்சி நடத்தினார். ஒன்றில் மோகோ இருக்கும், ஒன்றில் துடைத்துவிட்டது போல வெறும் முகம்.

படத்தில் மட்டுமா மறைந்தது? மிஷனரிகளுக்குப் பிடிக்கவில்லை, 1860களில் நிலத்துக்காக நடந்த போர்களுக்குப் பிறகு ஆண்கள் முழு முகத்தில் இட்டுக்கொள்வது அநேகமாக நின்றேபோனது. 1907-இல் டொஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள், அதில் மோகோவைப் பெயர் சொல்லித் தடுக்கவில்லை, ஆனால் பாரம்பரிய அறிவு வைத்திருந்த வல்லுநர்களையே குற்றவாளி மாதிரி ஆக்கிவிட்டது, 1962 வரை அது புத்தகத்தில் இருந்தது. இந்தக் காலம் முழுவதும் மோகோவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பெண்கள்தான். தாடையிலும் உதட்டிலும் இடும் மோகோ கௌவாய் இருபதாம் நூற்றாண்டிலும் கிராமங்களில் தொடர்ந்தது. 1970களில் அந்தப் பாட்டிகளும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர, இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்த நேரத்தில்தான் மொழியை மீட்கும் இயக்கத்தோடு சேர்ந்து மோகோவும் திரும்பியது. நடுவில் முகத்தில் டாட்டூ என்றாலே ரவுடிக் கும்பல் என்ற பேச்சும் வந்துவிட்டது. கும்பல்காரர்கள் தங்கள் சின்னத்தைக் குத்திக்கொள்வது வேறு, மோகோ வேறு, ஆனால் அந்தப் பெயரைச் சுமந்தது எல்லாரும்தான். மோகோ இருந்தால் வேலை கிடைக்காது என்ற நிலை வெகுகாலம் இருந்தது. ஏர் நியூசிலாந்தே 2019-இல்தான் வெளியே தெரியும்படி டாட்டூ உள்ளவர்களைச் சீருடை வேலையில் அனுமதித்தது.

இன்றைக்கு நிலைமை என்ன? நனையா மஹுடா 2016-இல் தாடையில் மோகோ கௌவாய் இட்டுக்கொண்டு நாடாளுமன்றத்தில் வந்து உட்கார்ந்தார், 2020-இல் வெளியுறவு அமைச்சராகி அதே முகத்தோடு உலகத் தலைவர்களைச் சந்தித்தார். 2021 டிசம்பரில் ஓரினி கைபாரா மாலை ஆறு மணிச் செய்தி வாசித்தார், தேசியத் தொலைக்காட்சியின் பிரதான நேரத்தில் மோகோ கௌவாயோடு செய்தி வாசித்த முதல் பெண் அவர்தான். 2024 செப்டம்பரில் மாவோரி அரசியாகப் பொறுப்பேற்ற ங்கா வாய் ஹோனோ இ தே போ, அப்போது வயது 27, அவர் தாடையிலும் இருக்கிறது. சுமார் 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் மாவோரிகள். 'அழிந்துவரும் பழங்குடி வழக்கம்' என்று நீங்கள் போட்டிருந்தது தப்பு, வளர்ந்துகொண்டிருக்கிறது.

நேரில் பார்த்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா, ஐம்பதைத் தாண்டியவர், போன வருடம் இட்டுக்கொண்டார், என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவர்கள் குலத்தின் மராய், அதாவது கூடுமிடம், வைகாடோ ஆற்றங்கரைப் பக்கம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய வீட்டுக்குள் போனால் சுவர் முழுக்க இறந்துபோன பெரியவர்களின் போட்டோ. நடுவில் மசாஜ் மேஜை மாதிரி ஒன்றில் அக்கா படுத்திருக்கிறார், அவர் சித்தி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. இட்டவரும் பெண்தான். முதலில் பேனாவால் தாடையில் வரைந்தார், எழுப்பி உட்காரவைத்துத் தூரத்திலிருந்து பார்த்தார், ஒரு கோட்டை அழித்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டார், மறுபடி படுக்கவைத்தார். மெஷின்தான், எலும்பு உளி இல்லை. அதன் ரீங்காரம் ஆரம்பித்ததும் மூலையில் இருந்த பெண்கள் பாட ஆரம்பித்தார்கள், ஒரு பாட்டு முடிந்தால் யாராவது அடுத்ததை எடுத்தார்கள், சின்னப் பிள்ளைகள் மெத்தையில் உருண்டுகொண்டிருந்தன. அக்கா கண்ணை மூடியிருந்தார், கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, உதட்டுக்கு வந்தபோது மட்டும் கால் கட்டைவிரல் மடங்கியதைப் பார்த்தேன். முடிந்து எழுந்ததும் வாசலில் ஒரு கிழவி நீளமாக ஒரு குரல் கொடுத்தார், வரவேற்பா ஒப்பாரியா என்று புரியாத குரல், அதைக் கேட்டு எல்லாரும் அழுதார்கள். அப்புறம் வரிசையாகப் போய் நெற்றியும் மூக்கும் தொட்டார்கள். உள்ளே ஒரு வாய் டீ கிடையாது. எல்லாம் முடிந்து பக்கத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போன பிறகுதான் சாப்பாடு, அதுவும் பசிக்காக மட்டும் இல்லை, தபுவை இறக்குவதற்காக. அன்றைக்கு அந்த அக்காவிடம் யாரும் 'அழகாக இருக்கிறது' என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருத்தர் அவர் பாட்டியின் பெயரைச் சொன்னார், அக்கா தலையை ஆட்டினார்.

இதை வைத்துக்கொண்டு அந்த 'ஐந்து டிசைன்கள்' பெட்டியைப் பாருங்கள்.

வெளியார் இதை எடுத்தாள்வது புதிதில்லை. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 2003-இல் கண்ணைச் சுற்றிப் போட்டுக்கொண்ட டாட்டூ மாவோரி பாணியிலிருந்து எடுத்தது. 2011-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் இன்னொரு நடிகர் முகத்தில் அதே டாட்டூவைப் போட, குத்திய அமெரிக்கக் கலைஞர் என் டிசைனைத் திருடிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார், கடைசியில் சமரசம் ஆனது. இங்கே மாவோரி அறிஞர் ங்காஹுயியா தே அவெகோடுகு கொதித்துப்போனார், எங்களிடமிருந்து எடுத்ததை உன் சொத்து என்று சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம் என்ற அர்த்தத்தில் பேசினார். நியாயம்தானே? பணத்தகராறு நடந்தது இரண்டு வெளியார்களுக்கு நடுவில், உரியவர்களை யாரும் கேட்கவே இல்லை. இன்னொரு பக்கம், 2013-இல் ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு வெந்நீர்க் குளியல் விடுதி, மோகோ இருந்த ஒரு மாவோரி பெண்மணியை உள்ளே விடவில்லை, டாட்டூ என்றால் அங்கே கும்பல் அடையாளம். அவர் வந்திருந்ததே அந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழி மாநாட்டுக்கு. ஐனு பெண்களும் ஒரு காலத்தில் வாயைச் சுற்றிப் பச்சை குத்தியவர்கள்தான், ஜப்பானிய அரசு தடை போட்டு நிறுத்தியது. ஆக, அதே கோடுகள் பிரபலத்தின் முகத்தில் இருந்தால் ஸ்டைல், உரியவரின் முகத்தில் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்படியானால் பிடித்திருந்தாலும் யாரும் தொடவே கூடாதா என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். வழி இருக்கிறது. மாவோரி கலைஞர்களே மற்றவர்களுக்காக கிரிடுஹி என்று ஒரு வகையை வைத்திருக்கிறார்கள். பாணி அவர்களுடையது, ஆனால் எந்தக் குலத்தின் வம்சாவளியும் அதில் இருக்காது, உங்கள் கதையைக் கேட்டு உங்களுக்காக வரைவார்கள். அதை அவர்கள் கையால் போட்டுக்கொண்டால் பணமும் மரியாதையும் உரிய இடத்துக்குப் போகும். முகமும் தாடையும் மட்டும் வேண்டாம். மாவோரிகளுக்குள்ளேயே வாதங்கள் உண்டு, மோகோ கௌவாய் எல்லா மாவோரிப் பெண்ணுக்கும் பிறப்புரிமை என்று ஒரு சாரார், மொழியும் ஊர்ச் சேவையும் இருந்தால்தான் என்று இன்னொரு சாரார். 2018-இல் வெள்ளை இனப் பெண் ஒருவர் தாடையில் போட்டுக்கொண்டபோது இந்தச் சண்டை ஊரெல்லாம் பரவியது. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்? அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

ஆனால் உங்கள் பக்கத்தில் என்ன வரவேண்டும் என்பது நம் வீட்டுப் பேச்சு, அதனால் கேட்கிறேன். அந்தப் பெட்டிச் செய்தியை உங்கள் இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பெண்மணி யார் என்று படத்தை வாங்கிய இடத்தில் கேளுங்கள், பெயரும் குலமும் கிடைத்தால் படத்துக்குக் கீழே போடுங்கள், கிடைக்காவிட்டால் படத்தையும் எடுத்துவிடுவதுதான் சரி. தலைப்பில் 'மிரட்டும்' என்ற வார்த்தைக்கு என்ன வேலை என்று தெரியவில்லை, அந்தப் படத்தில் அந்த அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். வருகிற பிப்ரவரி 6 வைடாங்கி தினத்துக்கு இதைப் பற்றி மறுபடி எழுதுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் ஊரில் மோகோ இடுகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், பேசச் சம்மதித்தால் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
ஹாமில்டன், நியூசிலாந்து